ஆடிட்டுக்குத் திறந்த கதவு

திருப்பூரில் ஆடிட் என்றால் கணக்குப் பார்ப்பது மட்டும் இல்லை. வெளிநாட்டுக்காரன் பனியன் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு, கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்புவான். வருகிறவர்கள் கையில் ஃபைல் இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும். அவர்கள் வரும் முந்தின நாளே கம்பெனிக்குத் தீபாவளி வந்துவிடும். வருஷம் முழுக்க அட்டைப்பெட்டி அடைத்துக் கிடக்கும் அவசர வழி திறக்கும். கக்கூஸில் சோப்பு வரும். தையல்காரர்களுக்கு மூக்குத்துணி வரும், முதலுதவிப் பெட்டிக்குள் நிஜமாகவே மருந்து இருக்கும். மறுநாள் சாயங்காலம் ஆடிட் பாஸ் என்று மேனேஜர் கைதட்டியதும், ஆளுக்கு ஒரு பப்ஸும் டீயும் கொடுத்துவிட்டு, சோப்பைத் திரும்ப ஸ்டோரில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அதே கம்பெனியில் அயர்ன் மேசையில் நின்றவன்தான் நானும். அந்தப் பப்ஸை நானும் தின்றிருக்கிறேன்.

சின்னத்தாய் ஆடிட்டில் பேர் எடுத்தவள். செக்கிங் மேசையில் பதினெட்டு வருஷம். தைத்து வந்த பனியனைக் கை நீட்டிப் பிடித்தால் போதும், எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கண்ணில் பட்டுவிடும். அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் தள்ளிவிடுவாள். அப்படித் தள்ளியது காதர்பேட்டை மலிவு விலைக் கடைகளுக்குப் போகும், மற்றது கப்பலேறும். ஆடிட் நாளில் மட்டும் அவள் மேசையை வாசல் பக்கமாக இழுத்துப் போடுவார்கள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அவள் பட வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை என்றால் எட்டு மணி நேரம் மேடம். ஓவர்டைம் கட்டாயமா என்றால் எங்க விருப்பந்தேன் மேடம். சுற்றி வளைத்துக் கேட்கிற ஆள்களும் உண்டு. இந்தச் சோப்பு இன்றைக்கு மட்டுமா, தினமுமா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதற்கும் சின்னத்தாய் அசர மாட்டாள். ஒரு தடவை அவள் சொன்ன பதிலால்தான் பெரிய ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை என்று மேனேஜரே கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார். அவரைக் காப்பாற்றிவிட்டோம், இனி நம்மை விடமாட்டார் என்று அவள் நம்பினாள். அவர் விடவும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேரை நிறுத்தியபோது அவளை நிறுத்தவில்லை.

அவர்கள் வீடு எங்கள் லைனில் எதிர்வீடு. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். புருஷன் மொக்கைச்சாமி துணிக் குடோனில் ரோல் தூக்குகிறவர். ஒரே மகள் நாகஜோதி. பிறக்கும்போதே முதுகின் அடியில் ஒரு கட்டி. மதுரை பெரியாஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். உயிர் பிழைத்தது, கால் இரண்டும் சரியாக வரவில்லை. இரும்புக் கம்பி போட்ட ஷூவும் கையில் இரண்டு ஊன்றுகோலுமாக, சமதரையில் என்றால் அவள் யாருக்கும் சளைக்காமல் நடப்பாள். படி மட்டும் ஏற முடியாது. இன்னொன்றும் உண்டு. சிறுநீர் தானாகப் போகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மெல்லிய குழாய் வைத்து அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். உட்காரச் சுத்தமான இடம் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். தவறினால் அது மேலேறிக் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பெண் எடுத்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியும் சீட்டுக் கொடுத்திருக்கும். வீட்டுக்குக் கிட்டே என்று, பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்த்தார்கள். வகுப்பு இரண்டாவது மாடி. நாற்பத்து நான்கு படி. லிஃப்டுக்குக் குழி விட்டிருந்தார்கள், லிஃப்ட் இன்னும் வரவில்லை. கீழ்த்தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிவறை ஒன்று இருந்தது. அதன் கதவில் பூட்டும், உள்ளே விளக்குமாறும் பழைய விடைத்தாள் கட்டுகளும் இருந்தன.

ஒன்றேகால் வருஷம் மொக்கைச்சாமி மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். காலையில் ஒன்பது மணிக்கு மேலே விட்டுவிட்டுக் குடோனுக்குப் போவார். மூன்றரை மணி டீ நேரத்தில் சைக்கிளை மிதித்து வந்து கீழே இறக்குவார். புரட்டாசியில் குடோனில் ரோல் தூக்கும்போது இடுப்பு வட்டு விலகியது. அன்றிலிருந்து பெல்ட் கட்டிப் பாயில் படுத்திருக்கிறார். பிறகு கூடப் படிக்கிற பையன்கள் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சரிந்தது. அடி ஒன்றும் இல்லை, ஆனாலும் இனி மாணவர்கள் யாரும் தூக்கக் கூடாது என்று ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகு நாகஜோதி படியில் உட்கார்ந்தபடி, முதுகை மேல்படிக்குக் காட்டி, இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னை இழுத்து மேலேற்றிக்கொண்டாள். தோழி அனுசுயா ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். ஐப்பசி மழையில் படியெல்லாம் செருப்புச் சேறு. அவளுடைய சுடிதார்களில் உட்காரும் இடம் மட்டும் நைந்து போனதைச் சின்னத்தாய் துவைக்கும்போதுதான் கவனித்தாள். என்னவென்று கேட்டதற்குப் பெஞ்சு சொரசொரப்பு என்றாள் மகள். பையன்கள் இன்னும் தூக்குவதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

மேலே போனால் திரும்ப இறங்குவது சாயங்காலம்தான். மேலே இருக்கிற கழிவறைக்குள் அவளால் போக முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டாள். முந்தின நாள் இருட்டியதும் நிறுத்தினால் மறுநாள் நாலு மணிக்குத்தான் வாயில் தண்ணீர். மூன்று தடவை குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வருகைப்பதிவு குறைந்தது. எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொடுத்துக் கேட்கிற சலுகையைப் போன செமஸ்டரிலேயே தீர்த்தாகிவிட்டது. இனிப் பதினொரு நாள் வகுப்பு பாக்கி. அதில் அரைநாள்கூட விடக்கூடாது.

வகுப்பைக் கீழே மாற்றித் தரச் சொல்லி மூன்று மனு கொடுத்தாயிற்று. ஆபீஸ் சூப்பிரண்டு பழனிமுத்து தங்கமான மனுஷர். உட்காரச் சொல்லி, மின்விசிறி போட்டு, கண்ணு சாப்பிட்டியா என்று கேட்டுத்தான் பேசுவார். ஒரு பொண்ணுக்காக அறுபது பேரை மாத்த முடியுங்களா, டைம்டேபிள் இருக்குதுங்க, பாத்துக்கலாமுங்க என்பார். இந்த ஊரில் கதவைச் சாத்தினாலும் மரியாதையாகத்தான் சாத்துவார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல் வரும்.

கார்த்திகை பிறந்து முதல் வாரம். ஒரு புதன்கிழமை மகள் வீட்டுக்குள் வரும்போதே முகம் வேறாக இருந்தது என்று சின்னத்தாய் சொன்னாள். வகுப்பைக் கீழே மாற்றிவிட்டார்களாம். அந்தக் கழிவறை திறந்திருக்கிறதாம். விளக்குமாறு போன இடம் தெரியவில்லை, கம்பி வைத்து, கண்ணாடி மாட்டி, சோப்புகூட வைத்திருக்கிறதாம். அன்றைக்கு அவள் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். மொக்கைச்சாமி படுத்தபடியே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. கல்லூரிக்குத் தரம் போடுகிற கமிட்டி மறுநாள் வருகிறது. பெற்றோர் சிலரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். சின்னத்தாயும் வர வேண்டும் என்று பழனிமுத்தே போனில் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் சோறும் கருவாட்டுக் குழம்பும் செய்து மூடிவைத்தாள். ஆடிட் நாளில் உடுத்துகிற ஊதாச் சேலையை எடுத்தாள். மொக்கைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை.

"உள்ளதச் சொல்லிப்புடு புள்ள. பிள்ள கஷ்டப்படுறாள்ல," என்றார்.

"நீங்க சும்மா இருங்க. உள்ளதச் சொன்னா காலேசுக்கு மார்க்கு கொறஞ்சுபோகும். எவளால கொறஞ்சுச்சுன்னு பாப்பாக. நாளைக்கு எம் பிள்ளையத்தேன் கருவுவாக. நல்லவிதமாச் சொல்லி ஏத்திவிட்டம்னா, இந்தம்மாவாலதேன் பாஸானோம்னு கீழேயே வச்சுக்கிருவாக. பதினோரு நாளுதேன? எனக்குத் தெரியாதா."

நாகஜோதி அதற்குள் அனுசுயாவோடு ஷேர் ஆட்டோவில் கிளம்பியிருந்தாள். அவள் பையில் கமிட்டிக்கு எழுதிய நாலு பக்கக் கடிதம் இருந்தது. அம்மா பயந்து தடுத்துவிடுவாள் என்று வீட்டில் சொல்லவில்லை. அம்மாவும் தான் என்ன பேசப் போகிறோம் என்று மகளிடம் சொல்லவில்லை. ஒரே அறையில் மூன்று பேர் படுத்து எழுகிற வீடு அது.

கருத்தரங்கு அறையில் மெத்தை நாற்காலி, முந்திரி போட்ட கேக், ஏசி. கமிட்டியில் ஒரு பேராசிரியை அம்மா இருந்தார். வெளிமாவட்டத்துக்காரர், நரைத்த தலை, கைத்தறிச் சேலை. மாற்றுத்திறனாளி மாணவியின் தாயார் யார் என்று விசாரித்து, சின்னத்தாயைத் தனியே ஜன்னலோரம் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கையில் ஃபைல், கழுத்தில் அட்டை. சின்னத்தாய்க்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

மகளுக்கு எந்த மாடியில் வகுப்பு என்று கேட்டார். கீழ்த்தளம் என்றாள்.

"எப்பவுமே கீழதானா? இல்ல, நாங்க வர்றோம்னு மாத்தினாங்களாம்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று சின்னத்தாய்க்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக வருகிற கேள்வி.

"எப்பவுமே கீழதேன் மேடம். சேந்த நாள்லருந்து."

"கழிவறை?"

"பூட்டுறதே இல்ல மேடம். கம்பி இருக்கு, சோப்பு இருக்கு. எம் பிள்ள நல்லாத் தண்ணி குடிக்கிறா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பயப்படாமச் சொல்லுங்க. உங்க பேர் வெளிய வராது. குறை ஏதாவது இருந்தா இப்பச் சொன்னாத்தான் நாங்க எழுத முடியும்."

ஆடிட்டுக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னதை நம்பி வாய்விட்ட ஒரு செக்கர் மறுவாரம் வேலையில் இல்லை. சின்னத்தாய் சிரித்தாள்.

"கொறைன்னு ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் இருக்கு."

எழுதிய தாளை அவர் வாசித்துக் காட்டினார். சின்னத்தாய் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் கையெழுத்திட்டாள். வெளியே வரும்போது பழனிமுத்து கைகூப்பினார்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். தூறல். சாயப்பட்டறை லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. சின்னத்தாய்தான் மெதுவாக ஆரம்பித்து, தான் எப்படிச் சமாளித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"எப்பவுமே கீழதான்னு சொன்னியாம்மா?"

"ஆமாத்தா."

"பூட்டுறதே இல்லைன்னும்?"

"அப்புறம் என்னாத்தச் சொல்லுவாக?"

நாகஜோதி வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் லெட்டர் குடுத்தேம்மா. அந்த கமிட்டி மேடம் கிளாஸுக்கு வந்தாங்க, எந்திரிச்சுக் குடுத்தேன். நின்னு படிச்சாங்க. படிச்சுட்டு ஃபைலப் பிரிச்சு உன் கையெழுத்தக் காட்டுனாங்க. உங்கம்மா வேற மாதிரி சொல்றாங்களேம்மான்னு கேட்டாங்க. அம்பது பேரு பாத்துட்டு இருந்தாங்க. எங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லணும் நான். வாயே வரல."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள் சின்னத்தாய்.

"நீயும் சொல்லல."

இறங்கும் இடத்தில் ஆட்டோக்காரர்தான் ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தார். கருவாட்டுக் குழம்பை அன்று யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு மறுபடி இரண்டாவது மாடி. கண்ணாடியையும் சோப்பையும் எடுத்துவிட்டுக் கழிவறையைப் பூட்டியிருந்தார்கள். நாகஜோதி வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து தன்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். ஈரத்தில் கை வழுக்கி மணிக்கட்டு மடங்கியது. அப்படியும் மேலே போய் வருகை கொடுத்துவிட்டுத்தான் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு விலகவில்லை, பத்து நாள் கையை ஊன்றக் கூடாது என்று கட்டுப் போட்டார்கள். படி ஏற அவளுக்கு இருந்த கையும் இப்போது போயிற்று. எப்படி வழுக்கியது என்று டாக்டர் கேட்டபோதுதான் மகள் இத்தனை நாள் உட்கார்ந்து ஏறிய கதை சின்னத்தாய்க்குத் தெரிந்தது. நைந்த சுடிதார்கள் நினைவு வந்து அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை, ஆபீஸ் உண்டு. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பழனிமுத்து முன்னால் போய் நின்றாள்.

"வாங்கம்மணி, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

உட்காரவில்லை. "நான் சொன்னது அம்புட்டும் பொய்யிங்க. எழுதி வாங்கிக்கிருங்க. எம் பிள்ளைக்குக் கீழ ஒரு ரூமு குடுங்க, மிச்சமிருக்குற நாளைக்கு. அந்தக் கதவையாச்சும் தொறந்து விடுங்க."

பழனிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "மெதுவாப் பேசுங்க அம்மணி. ஆருக்காச்சும் கேட்டா வம்பு. உங்க புள்ளைக்கு எல்லாம் பண்ணிக் குடுத்துட்டோம்னு ரிப்போர்ட்டே போயிருச்சுங்க. நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நான் புதுசாப் பண்ணித்தாறேன்னு ஃபைலு எழுதுனா, அப்ப முன்னாடி இல்லியான்னு கேப்பாங்கல்ல?"

"உங்களுக்காகத்தேன சொன்னேன்."

"அது தெரியுமுங்க. எங்களுக்கு அதுல ரொம்பச் சந்தோசமுங்க." நிஜமாகவே அவர் கண் கலங்கியது என்கிறாள் சின்னத்தாய். "கீழ் ரூமெல்லாம் அட்மிசன் பாக்கறவங்களுக்குன்னு காலேஜ் நடத்துற பெரியவர் வெச்சுப்போட்டாருங்க. நான் சம்பளக்காரன். அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

திங்கட்கிழமை காலையில் சின்னத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு படிக்கு முன்னால் குனிந்தாள். மகள் வேண்டாம் என்றாள். அனுசுயாவும் வேண்டாங்க அத்தை என்றாள். இவள் கேட்கவில்லை. செக்கிங் மேசையில் பதினெட்டு வருஷம் நின்ற கால். நிற்கத்தான் அதற்குத் தெரியும். இரும்பு ஷூவோடு மகள் தாயைவிடக் கனம். எட்டுப் படியில் மூச்சு வாங்கியது. பதினைந்தாவது படியில் கைப்பிடிக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். பையன்களும் பெண்களும் ஒதுங்கி ஒதுங்கி மேலே போனார்கள். நோட்டீஸுக்குப் பயந்து யாரும் தொடவில்லை. ஒருத்தி மட்டும் ஊன்றுகோலை வாங்கிக்கொள்ளவா என்று கேட்டாள். முதல் மாடிக்குச் சற்றுக் கீழே, திருப்பத்தில், முழங்கால் மடங்கிவிட்டது. மகளைக் கீழே போட்டுவிடாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அனுசுயாவை நீயாவது மேலே போ என்று நாகஜோதி விரட்டினாள்.

மணி அடித்தது. முதல் மணியில் இல்லாவிட்டால் அரைநாள் போயிற்று. மேலிருந்து புது வாத்தியார் அருள்செல்வன் வருகை எடுக்கிற குரல் படிக்கட்டு வழியாகத் தெளிவாக இறங்கி வந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாகஜோதியின் எண் நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணு."

"இருக்கா சார்," என்று சின்னத்தாய் கீழேயிருந்து கத்தினாள். "படியில இருக்கா."

மேலே பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் அருள்செல்வன் பதிவேட்டோடு கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. "கிளாஸுக்குள்ள இருந்தாத்தாங்க நான் போட முடியும்," என்றார். "பத்து நிமிசம் வெயிட் பண்றேங்க." யாரையாவது கூப்பிடலாமா என்பதுபோல வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

சின்னத்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, மேலே பார்த்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள். கம்பெனியில் ஆடிட்டுக்குப் பதில் சொல்வாளே, அதே நிமிர்ந்த முதுகோடு, அதே வரிசையில், ஒவ்வொன்றாக.

"கிளாஸு கீழ இல்ல சார். எப்பவும் இல்ல. ரெண்டு நாளுதேன் இருந்துச்சு. லிப்ட்டு இல்ல. கக்கூசு பூட்டிக் கெடக்கு, சாவி குடுக்க மாட்டேங்குறாக. எம் பிள்ள காலையிலருந்து தண்ணி குடிக்கல. நேத்து ராத்திரியிலருந்து குடிக்கல. ஒண்ணரை மாசமாப் படியில உக்காந்து உக்காந்து ஏறியிருக்கா, எங்கிட்டச் சொல்லல. நான் சொன்னது பொய்யி சார். ஒண்ணுமே இல்ல. எழுதிக்கிருங்க சார், நான் கையெழுத்துப் போடுறேன்."

முதல் மாடி வகுப்புகளிலும் பாடம் நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அருள்செல்வன் கையில் பேனா இருந்தது, பதிவேடு இருந்தது. அதில் அதை எழுத இடமில்லை.

நாகஜோதி கட்டுப் போடாத கையால் அம்மாவின் வாயோரம் துடைத்தாள்.

"போதும்மா," என்றாள். "எழுதிக்கிறவங்க வியாழக்கிழமையே போயிட்டாங்க."

சின்னத்தாய் மறுபடி முதுகைக் காட்டிக் குனிந்தாள். மேலே படி இன்னும் இருபத்தாறு இருந்தது.